மழைக்கு ஓர் இஸ்திரி

முதல் சொட்டு தகரத்தில் விழுந்ததுமே இருதயராஜ் வீட்டைவிட்டு ஓடினான்.

காலில் செருப்பு இல்லை. சட்டையில் ஒரு கைதான் நுழைந்திருந்தது. ஸ்டெல்லா கேஸை அணைத்துவிட்டு, போர்வையும் குடையுமாகப் பின்னால் போனாள். தேட வேண்டியதில்லை. குயில்மட்டத்தில் தலைக்கு மேல் கூரையோ மரமோ மலையோ இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூட மைதானம். அதன் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வாங்க."

"விழுந்துடும் புள்ள."

"எது விழும்?"

"எல்லாம்."

குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தாள். தட்டிவிட்டான். "மேல எதுவும் வேண்டாம்."

வழக்கம்போல அவளும் குடையை மடக்கிக்கொண்டாள். மழை நிற்கும்வரை இரண்டு பேரும் நனைந்தார்கள். நடுவே ஒருதடவை, "அந்தச் சட்டையை ஒண்ணு முழுசா மாட்டுங்க, இல்ல முழுசா கழட்டுங்க. பாக்கிறவங்க கேலி பண்ணப் போறாங்க" என்றாள். அவன் நடுங்கிக்கொண்டே சிரித்தான். ஊரில் யாரும் கேலி செய்யவில்லை. எட்டு வருஷமாகப் பார்த்துப் பழகிப்போன காட்சி.

பழகாமல் போனது அவனுடைய நுரையீரல்தான். அந்த நனைதலில் நிமோனியா வந்து குன்னூர் ஆஸ்பத்திரியில் படுத்தான். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த பெரிய டாக்டர் ஸ்டெல்லாவைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி நனைஞ்சா இங்க கூட்டிட்டு வராதீங்கம்மா. இந்த நெஞ்சு தாங்காது. மழைக்கு ஓடறதை நிறுத்துங்க, இல்ல மழையை நிறுத்துங்க."

நீலகிரியில் மழையை நிறுத்துவதாவது!

அதனால்தான் அவர்கள் இஸ்திரிக் கடைக்குப் போனார்கள்.

வாசலில் இருந்த பலகையில் 'நினைவுச் சீரமைப்பு மையம்' என்றுதான் எழுதியிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த பெரிய மண்சரிவுக்குப் பிறகு வந்த ஒரு நிவாரண அமைப்பு பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கட்டிய கட்டடம். உள்ளே தலையில் ஒரு வளையத்தை மாட்டி, மனசில் உள்ள கசங்கலை நீவிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊர் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது. 'இஸ்திரி போட்டுக்கிட்டியா?' என்பது குயில்மட்டத்தில் 'சாப்பிட்டியா' மாதிரி ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஊரே போட்டுக்கொண்டுவிட்டது.

அடுத்த வீட்டுப் பாக்கியம் போட்டுக்கொண்டவள். "தைரியமா கூட்டிட்டுப் போ ஸ்டெல்லா. என் மாமியாரை மண்ணு மூடினதை இப்ப நெனச்சா, யாரோ பஸ் ஏறிப் போன மாதிரி இருக்கு."

"அழுகை வரலையாக்கா?"

"எதுக்கு வரணும்? அதான் போயிட்டாங்களே."

பாக்கியம் அதைச் சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆய்வதில் மும்முரமானாள். ஸ்டெல்லாவுக்குத்தான் என்னவோபோல் இருந்தது.

மையத்தில் இருந்த டாக்டர் நசீமாவுக்கு ஸ்டெல்லாவைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். இருதயராஜ் மாஸ்டராக இருக்கும் பேக்கரியில், மாவை அடுக்கடுக்காக மடித்துச் சுடுகிற வர்க்கி வாங்கும்போது 'நல்லா சிவந்ததா போடுங்க' என்று கேட்டு வாங்குகிறவர். அவர்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"நினைவுங்கிறது இரும்புப் பெட்டியில பூட்டி வச்ச சாமான் இல்ல மாஸ்டர். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் அது இளகும். கொஞ்ச நேரத்துல மறுபடி இறுகிடும். இளகியிருக்கிற அந்த நேரத்துலதான் நாங்க கை வைக்கிறோம்."

"மாவு மாதிரிங்கறீங்க. சுடறதுக்கு முன்னால வேணுங்கிற மாதிரி மடிச்சுக்கலாம்" என்றான் இருதயராஜ்.

"அதேதான். நடந்தது எதுவும் மறக்காது. தேதி, ஆளுங்க, எல்லாம் இருக்கும். அதோட ஒட்டிக்கிட்டு வர்ற நடுக்கம் மட்டும் வராது. ஆனா ஒண்ணு. நீங்க வாய்விட்டுச் சொல்ற இடம்தான் இளகும். சொல்லாத இடத்தை எங்களால தொட முடியாது."

"நீங்களும் அன்னைக்கு மண்ணுக்குள்ள மாட்டினவங்கதானே?" ஸ்டெல்லா பக்கம் திரும்பினார் டாக்டர். "உங்களுக்கும் பார்த்துடலாமா?"

"எனக்கெதுக்கு டாக்டரம்மா? நான் நல்லாத்தானே இருக்கேன். எனக்கு இவரைத் துரத்திப் பிடிக்கவே நேரம் பத்தலை."

டாக்டர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மருந்து கொடுத்தார்கள். வளையம் மாட்டினார்கள். ஒரு வாளியிலிருந்து தகரத் தட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட, இருதயராஜ் பேச ஆரம்பித்தான். விரல்கள் நாற்காலியின் கையைப் பிறாண்டின. பேக்கரியின் பின்சுவர் புடைத்ததைச் சொன்னான். விறகு அடுப்பின் செங்கல் வளைவுக்குக் கீழே தான் பாய்ந்ததைச் சொன்னான். சுவர் விழுந்து கால் மாட்டியதைச் சொன்னான்.

"அப்புறம் மறுநாள் ஃபயர் சர்வீஸ்காரங்க வந்தாங்க."

மறுபடியும் வரச்சொன்னார்கள். மறுபடியும் அதே இடத்தில் அதே தாவல். மூன்றாவது முறை டாக்டர் திரையை ஸ்டெல்லாவுக்குக் காட்டினார். மேலும் கீழுமாக எகிறிக்கொண்டிருந்தது ஒரு கோடு.

"ஆரம்பம் அடங்கிடுச்சு. முடிவும் அடங்கிடுச்சு. நடுவுல ஒரு இடத்தைத் தாண்டிக் குதிக்கிறார். பயத்தோட வேர் அங்கதான் இருக்கு. என்ன நடந்தது அங்க?"

ஸ்டெல்லாவுக்குத் தெரியும். அவளைத்தான் அவன் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தான்.

அன்று அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மண்சுவர் இருந்தது. அவன் அடுப்பறையில், அவள் பாக்கெட் போடும் அறையில். இருட்டு. அதுவரை 'ரெண்டு தட்டு குறையுது மாஸ்டர்' என்பதற்குமேல் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. ரத்தம் போய்க்கொண்டிருந்ததால் அவனுக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. தூங்கினால் செத்துப்போவான் என்று அவளுக்குத் தோன்றியது. ஜெபம் சொல்லச் சொன்னாள், முனகினான். பெயரைக் கேட்டாள், பதில் இல்லை. கடைசியில், வர்க்கி எப்படிச் செய்வது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள், எல்லாவற்றையும் தப்புத் தப்பாக. அவனுக்கு வந்ததே கோபம்! மண்ணுக்குள் புதைந்துகிடந்த ஒரு மனிதன், விடிய விடிய, மறுநாள் பொழுது சாய்கிறவரை, ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டே உயிரோடு இருந்தான்.

வெளியே இழுத்துப் போட்டபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் திமிர் பிடிச்ச பொண்ணு எங்கே?"

மூன்று மாதத்தில் கல்யாணம்.

மையத்தின் வராந்தாவில் அவனை உட்காரவைத்துக் கேட்டாள். "ஏன் அதைச் சொல்ல மாட்டேங்கறீங்க?"

அவன் மேஸ்திரி மாதிரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த இருட்டுல ரெண்டு சத்தம்தான் புள்ள இருந்துச்சு. ஒண்ணு மலை முனகுற சத்தம். இன்னொண்ணு நீ. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. மலையைத் தேய்ச்சா நீயும் தேஞ்சு போயிடுவே."

"அப்படி ஆகும்னு டாக்டரம்மா சொன்னாங்களா?"

"கேட்டேன். ஆகாதுன்னு சொல்லல." அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "பாக்கியத்தோட மூஞ்சியைப் பாத்தியா? அந்த மாதிரி நான் உன்னைப் பாக்கணுமா? வேண்டாம். நான் நனைஞ்சுக்கறேன்."

"நனைஞ்சா செத்துடுவீங்க."

"செத்தா உன்மேல ஆசையோட சாவேன்."

"இந்த வசனத்தை எல்லாம் கல்யாணத்துக்கு முன்னால சொல்லியிருந்தா ஒரு பட்டுச்சேலையாவது கேட்டிருப்பேன்" என்று சொல்லி அவள் எழுந்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் எழுந்தாள்.

நான்காவது முறை. வளையம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சுவர் விழுந்தது. கால் மாட்டியது. "அப்புறம் மறுநாள்..."

"மாஸ்டர்" என்றாள் ஸ்டெல்லா.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"மாஸ்டர், வர்க்கிக்கு முதல்ல வெல்லப்பாகு காய்ச்சணும், இல்லையா?"

"வேண்டாம் ஸ்டெல்லா."

"பாகு கம்பிப் பதம் வந்ததும் மூணு முட்டை உடைச்சு ஊத்தி..."

"முட்டையா?" அவன் கண்ணிலிருந்து கரகரவென்று நீர் வழிந்தது. ஆனால் தொண்டை அடங்கவில்லை. "எவன்டி வர்க்கியில முட்டை ஊத்தினான்? பாகு காய்ச்ச அது என்ன அதிரசமா? முதல்நாள் புளிச்ச மாவு வேணும். அதைச் சேர்த்துப் பிசைஞ்சு, மடிச்சு, மடிச்சு... இதையேதான் அன்னைக்கும் சொன்னே! நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன், மலை பல்லைக் கடிக்குது, நீ அங்க பாகு காய்ச்சறே! நான் கத்தறேன், நீ சிரிக்கிறே. அந்த இருட்டுல சிரிக்கிறே! அப்ப நெனச்சேன், இந்தப் பொண்ணு மூஞ்சியை ஒரே ஒரு தடவை ஒழுங்காப் பாத்துட்டுத்தான்..."

சொல்லிக்கொண்டே போனான். கொட்டிக்கொண்டே போனான். ஸ்டெல்லா அவன் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். எகிறிக்கொண்டிருந்த கோடு மெல்ல மெல்ல இறங்கியது. தன் கையாலேயே அதைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கியதுபோல இருந்தது அவளுக்கு. கடைசியில் அது மேஜை விளிம்பு மாதிரி நேராகப் படுத்துக்கொண்டது.

இருதயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஈரமான விரலை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?" டாக்டர் கேட்டார்.

"லேசா இருக்குங்க. பசிக்குது."

அதற்குப் பிறகு அவன் நன்றாக இருந்தான். நன்றாக என்றால், ரொம்ப நன்றாக. வேளைக்குச் சாப்பிட்டான். ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினான். மேகம் கறுத்தால் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஒருநாள் காலையில் காபி டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்" என்றான்.

எட்டு வருஷத்தில் அவன் அவளுக்கு நன்றி சொன்னதே இல்லை. 'சர்க்கரை எங்கடி?' என்றிருக்கிறான். 'ஆறிப்போச்சு' என்றிருக்கிறான். தேங்க்ஸாம்! லாட்ஜில் ரூம் பையனுக்குச் சொல்கிற மாதிரி.

ஸ்டெல்லா சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தில் அழுதுவிட்டு வந்தாள். உயிரோடு இருக்கிறானே, அது போதும் என்று சொல்லிக்கொண்டாள். போதும் என்று எத்தனை தடவை சொன்னாலும் போதவில்லை.

டிசம்பரில் ஒரு மத்தியானம் மழை வந்தது.

இருதயராஜ் பேக்கரியின் அடுப்பறையில் இருந்தான். தட்டு தட்டாக வர்க்கியை உள்ளே தள்ளிவிட்டு ஏதோ சினிமாப் பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தான். மழை நாளில் அந்த அடுப்பு எரிவது எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கல்லாவில் நின்ற ஸ்டெல்லா பழக்கத்தில் போர்வையை எடுத்தாள். பிறகுதான் அவன் ஓடவில்லை என்பது உறைத்தது. போர்வையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தகரத்தின்மேல் மழை கனத்தது.

அப்போதுதான் அவள் கல்லா மேஜையைப் பிடித்தபடி தரையில் சரிந்தாள்.

என்ன ஆகிறது என்றே முதலில் புரியவில்லை. மூக்கில் பச்சை மண் வாடை ஏறியது. காதில் அந்த முனகல். கண்ணைத் திறந்திருந்தும் இருட்டு. இதுவரை வந்த மழையிலெல்லாம் அவளுக்குத் துரத்திப் பிடிக்க ஓர் ஆள் இருந்தான். குடை, போர்வை, சுக்குக் காப்பி, தலை துவட்டல் என்று கை நிறைய வேலை இருந்தது. பயப்பட நேரமே இருந்ததில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவன்தான் பயந்துகொண்டிருந்தான். இன்று அவன் விசிலடிக்கிறான். அவளுடைய பங்கு அவளைத் தேடி வந்துவிட்டது.

மலைச்சரிவில் நட்டிருந்த கருவிகள் எதையோ கண்டுபிடித்திருக்க வேண்டும். ஊர்ச் சைரன் அலறியது.

"சைரன் அடிக்குது பாரு" என்றான் உள்ளே இருந்து, பால் பொங்குது பாரு என்பதுபோல. "போகணும்தான். இந்த ஈடு வெந்ததும் போலாம்."

பதில் வராததால் எட்டிப் பார்த்தான்.

ஸ்டெல்லா கல்லா மேஜையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்டெல்லா?"

"பயமா இருக்குங்க."

அவள் வாயில் அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை. மண்ணுக்குள் கிடந்தபோதும் அவள் சொன்னதில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் போட்டான்.

"எழுந்திரு. போலாம்."

"வர்க்கி... அடுப்புல..."

"கருகட்டும்."

அவளை ஏறக்குறைய தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தான். தெரு அமைதியாக இருந்தது. சைரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள் நின்று மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்டுக்கொண்டவர்கள்.

இருதயராஜ் பாக்கியத்தின் கதவைத் தட்டினான். "கிளம்புக்கா. ஸ்கூலுக்குப் போகணும்."

பாக்கியம் செல்போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும் மாஸ்டர். சைரன் கேக்குது. ஆனா காலு கிளம்ப மாட்டேங்குது. எனக்குப் பயமாவே இல்லையே."

"எனக்கும்தான் இல்ல. அதுக்கென்ன? இவளுக்கு இருக்கில்ல?"

"அவ பயந்தா நான் எதுக்கு நனையணும்?"

"நீ வராம இவ நகர மாட்டா. இவ நகராம நான் நகர மாட்டேன். எனக்கு நிமோனியா வந்த ஒடம்பு. என் சாவை உன் தலையில கட்டிக்காதே, வா."

பாக்கியம் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, "சனியன், நல்ல கட்டத்துல வந்து கூப்பிடறீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

வீடு வீடாக அப்படித்தான் நடந்தது. இருதயராஜ் ஒரு கையால் மனைவியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவுகளைத் தட்டினான். "என் பொண்டாட்டி பயப்படறா. கிளம்புங்க." சைரனுக்கு அசையாத ஊர், அந்த ஒரு முகத்துக்காக எழுந்து வந்தது. கல்யாணத்துக்குப் போகிற கூட்டம்போல, பேசிக்கொண்டும் சலித்துக்கொண்டும் மேட்டில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். கீழே ஓர் ஓசை கேட்டது. மலை தன் தோலை உரித்துக்கொள்கிற மாதிரி, நீளமாக, அவசரமே இல்லாமல். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கீழ்த்தெருவின் தகரக் கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

ஹாலில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"வந்துடுச்சு போலிருக்கு" என்றார் ஒருவர், பஸ் வந்ததைச் சொல்வதுபோல.

"எங்க வீட்டுப் பக்கம்தான்" என்றாள் பாக்கியம். "பீரோவைப் பூட்டினேனா இல்லையா, ஞாபகம் இல்ல."

அலறியது ஒரே ஒரு குரல். ஸ்டெல்லாவின் குரல். தன் குரல்தான் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

டாக்டர் நசீமா ஓடி வந்தார். வழியிலேயே நின்றுவிட்டார். வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த அந்த முகங்களைப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை, எல்லாம் அவர் நீவிவிட்டவை. "என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்" என்று அவர் உதடு அசைந்தது.

பிறகு ஸ்டெல்லாவின் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். ஆனால் அவர் கண் இருதயராஜின் கையில் போய் நின்றது. மனைவியின் தோளைப் பற்றியிருந்த அந்தக் கை, காய்ச்சல் கண்டவன் கைபோல நடுங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லாவும் அதைப் பார்த்தாள். "டாக்டரம்மா, இவருக்குத் திரும்ப வந்துடுச்சு! மறுபடி மழையில ஓடப்போறார்!"

டாக்டர் பக்கத்து மையத்திலிருந்து வளையத்தையும் திரையையும் கொண்டுவரச் செய்து அங்கேயே மாட்டிப் பார்த்தார். அன்றைய மண்சரிவைப் பற்றிக் கேட்டார். சொன்னான். கோடு அசையவில்லை. வெளியே கொட்டுகிற மழையைக் காட்டினார். அசையவில்லை. இப்போது விழுந்த மலையைக் கேட்டார். ஊஹும்.

"அது வரல" என்றார் டாக்டர் குழப்பத்துடன். "பழசு எதுவும் இல்ல. அப்புறம் கை ஏன் நடுங்குது மாஸ்டர்? எப்பலேர்ந்து?"

இருதயராஜ் யோசித்தான். "மத்தியானத்துலேர்ந்துங்க. இவ மேஜைக் காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. அந்த மூஞ்சியைப் பாத்தேன். அப்பலேர்ந்து நிக்க மாட்டேங்குது."

கோடு ஒரேயடியாக உச்சிக்கு எகிறியது.

"எனக்கு மழை ஒண்ணும் பண்ணலைங்க" என்றான் வெட்கத்தோடு. "இவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்..."

டாக்டர் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இது பழைய பயம் இல்ல. இன்னைக்குப் பிறந்தது" என்றார். பழக்க தோஷத்தில் அவர் கை வளையத்தின் விசைப்பக்கம் போயிற்று. "சொல்லுங்க, இதை எடுத்துடலாமா?"

இருதயராஜ் வளையத்தை அவசரமாகக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, நடுங்குகிற கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க டாக்டரம்மா" என்றான்.